சாய்ந்த இலைகள்

மதியம் பன்னிரண்டே கால். சேரன்மகாதேவி தாண்டி, வாய்க்கால் கரைச் சாலை. ஆள் நடமாட்டமே இல்லை... இசக்கிராஜா பைக்கை விரட்டிக்கொண்டு போகிறான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனசில்லை. அவன் என் மச்சினனுடைய கூட்டாளி. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் கிண்டல் பண்ணுகிற ஆள் நான்தான். இந்த விஷயத்தில் மட்டும் எனக்கு வாய் வருவதில்லை.

தச்சநல்லூரில் இசக்கிக்குச் சிமெண்ட் பட்டறை. தூணின் தலையில் உட்காரும் போதிகைகளை அச்சில் வார்ப்பான். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் புதுச் சர்ச்சுக்கு ஆறு போதிகை கேட்டார்கள். கமிட்டியிலிருந்த தேவசிகாமணி சார் போனில் ஒரு படம் காட்டினார். ஆயிரத்தைந்நூறு வருஷப் பழைய பைசாந்தியக் காலத்து வெளிநாட்டுச் சர்ச்சுத் தூணாம். கல்லிலே இலைகள், நரம்பு நரம்பாகத் துளைபோட்டு... பெருங்காற்று அடித்ததுபோல எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன.

"சாய்ஞ்ச இலை அச்சை விட்டுக் கழலாது சார். நேரா வச்சுத் தாரேன்" என்றான் இசக்கி. அவர் அரை மனசாகத் தலையாட்டினார்.

ஆறும் ஒரே அச்சு, நேர் இலை. சாரம் கட்டி ஏறிப் பொருத்தியது அவன் தம்பி செந்தில்முருகன்.

திங்கட்கிழமை உச்சிப்பொழுதில் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, வாசப்பக்கம் ரெண்டு தூண்லயும் இலை உள்பக்கமாச் சாய்ஞ்சு கிடக்கு. சாருக்கு ஒரே சந்தோசம்."

இசக்கி நம்பவில்லை. இறுகிய சிமெண்ட் எப்படிச் சாயும்? செவ்வாய்க்கிழமை அதே நேரம்... நடுவிலிருந்த இரண்டு தூண். தம்பி படமே அனுப்பிவிட்டான். ஒரு கீறல்கூட இல்லை. இசக்கி தூண்களை வாசலிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். வாசல் வழியாக எதுவோ உள்ளே வருகிறது, ஒரு நாளைக்கு ஒரு ஜோடித் தூண் தாண்டி.

புதன்கிழமை காலையிலிருந்து தம்பி போனை எடுக்கவில்லை. பதினொன்றரைக்குத்தான் எடுத்தான்.

"கடைசி ரெண்டுக்கும் பூச்சு பார்க்கேன்ணே. சாரத்து மேல நிக்கேன்."

"ஏலே, இறங்குலே. பைய இறங்கி வெளிய வா."

போனில் காற்று வீசுகிறாற்போல உஸ்ஸென்று ஒரு சத்தம் மட்டும்... பிறகு அதுவும் இல்லை.

இசக்கி பைக்கை விரட்டிப் போய்ச் சேர்ந்தபோது தென்னையில் ஒரு கீற்றுகூட அசையவில்லை. உள்ளே பச்சைச் சிமெண்ட் வாடை. தம்பி சாரத்தில் முழுசாக நின்றுகொண்டிருந்தான். கடைசி இரண்டு தூண்களின் இலைகள் நேராகவே இருந்தன. இசக்கிக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பியைப் பைக்கில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான்.

அன்று ராத்திரி கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத் தம்பிக்குப் பக்கத்திலேயே படுத்தான். நடுவில் அதே சிமெண்ட் வாடையில் முழிப்பு வந்தது. தம்பி குப்புறப் படுத்து அயர்ந்து தூங்குகிறான். அவன் தலைமுடி முழுக்க... பின்னாலிருந்து காற்று அடிப்பதுபோல முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. இசக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். காற்று இல்லை.

மறுநாளே ஆற்றுக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டார்கள். அதோடு தீர்ந்தது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

இன்று காலை இசக்கி என் மச்சினனிடம் பேசினானாம். தம்பியின் இரண்டு காதும் முன்பக்கமாக மடங்கியிருக்கின்றன. "எனக்கு வலிக்கலையேண்ணே" என்று அவன் சிரிக்கிறான். இசக்கி ஒரு காதைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தான்... வளையவில்லை. விளிம்பில் கொஞ்சம் உதிர்ந்து கையோடு வந்ததாம், சாம்பல் நிறத்தில்.