படகு திரும்பி வரும் வரைக்கும்

இரண்டு நாட்கள் கையில் இருந்தால் ரஷ்யாவின் ப்ஸ்கோவ் நகரத்தைத் தாராளமாகப் பார்த்துவிடலாம். பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து ரயிலில் நாலு மணித்தியாலம். முதல் நாள் கோட்டையும் அதற்குள் இருக்கும் பெரிய வெள்ளைத் தேவாலயமும். இரண்டாம் நாள் ஆற்றில் படகுப் பயணம். ஆகஸ்டில் குளிராது, ஆனாலும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று வேண்டும். 2019இல் நானும் உன் மாமியும் அப்படித்தான் போய்வந்தோம்.

கௌசி, நேற்று நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அந்த இரண்டாம் நாள் எடுத்தது. மாமியின் நினைவு மலருக்குப் படம் தேடும்போது அவளுடைய பழைய ஐபாட்டில் கிடைத்தது என்று எழுதியிருந்தாய். படகிலிருந்து உன் மாமி வதனா எடுத்த படம். கரையில் நான் நிற்கிறேன். எனக்குப் பக்கத்தில் கையில் கயிற்றோடு ஒரு மனிதர், நம்மவர் நிறம், நரைத்த தாடி, கம்பளித் தொப்பி. "மாமா, இந்த ஆள் ஆர்? அம்மாவிட்டை இருக்கிற அப்பான்ரை படம் மாதிரியே இருக்கு" என்று கேட்டிருந்தாய். பிறகு மூன்று தரம் அழைத்தாய். நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. எனக்கு எழுத்தில்தான் ஒழுங்காகச் சொல்ல வரும். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு கட்டடத்தில் இருபது வருடம் செக்யூரிட்டி வேலை செய்தவன் நான். நேரம், இடம், நடந்தது என்று ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. என்னுடைய ரிப்போர்ட்டில் ஒரு மனேஜரும் பிழை பிடித்ததில்லை.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 1997 கடைசியில் நானும் உன் அப்பா மூர்த்தியும் கொழும்பிலிருந்து மொஸ்கோவுக்கு வந்தோம். வதனா எனக்கு முன்னமே கனடாவுக்கு வந்து, சின்னப் பிள்ளையோடு தனியாக இருந்தாள். உன் அம்மா குணவதி வன்னியில், வயிற்றில் உன்னோடு. ஏஜென்சிக்காரன் எங்களை ப்ஸ்கோவுக்குக் கொண்டுவந்து ஊருக்கு வெளியே ஒரு மரவீட்டில் அடைத்து வைத்தான். அங்கிருந்து எல்லை கிட்ட. மூர்த்தி முதல் வானில் போனான், நான் ஒரு கிழமை கழித்து அடுத்த வானில் போனேன், நான் வந்து சேர்ந்தேன், அவன் போன வான் வந்து சேரவில்லை. இதுதான் நீ சின்ன வயதிலிருந்து கேட்ட கதை.

இதில் ஒரே ஓர் இடம்தான் வேறு. முதல் வானில் போனது நான்.

அன்றைக்கு மதியம் வான் வந்தது. ஒரு இடம்தான் இருந்தது. சாரதிக்கு எங்கள் முகம் தெரியாது. எல்லோரிடமும் இருந்தது தலை மாற்றின பாஸ்போட், யாரோ ஒருவருடைய பாஸ்போட்டில் எங்கள் படத்தை ஒட்டியது, அதனால் பாஸ்போட்டைப் பார்த்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அவன் கையில் பெயர் எழுதிய ஒரு துண்டு மட்டும். வாசலில் நின்று, "மூர்த்தி ஆர்?" என்று கேட்டான். வதனாதான் தம்பியை முதலில் அனுப்பச் சொல்லிப் போனில் ஏஜென்சியிடம் கெஞ்சியிருந்தாள். மூர்த்திக்கு நாலு நாளாகக் காய்ச்சல், சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். காய்ச்சல்காரனைப் பனிக்குள் நடத்திக்கொண்டு எல்லை கடக்க முடியுமா, நீயே சொல். நான் "ஓம், நான்தான்" என்றேன்.

போக முன் அவனுடைய சேர்ட் பையிலிருந்து வதனாவின் தொலைபேசி இலக்கம் எழுதிய கடதாசியை எடுத்துக்கொண்டேன். அதை நீ தப்பாக நினைக்கக்கூடும். நான் போய்ச் சேர்ந்து முகத்தைப் பார்த்து விளக்கம் சொல்ல முன், அவன் போன் எடுத்து அவளைக் குழப்பிவிடக்கூடாது என்பதற்காகத்தான். என் கையில் வேறு ஒரு பிரதி இருந்தது. இரண்டு எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நான் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது வதனா விமானநிலையத்தில் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "தம்பி எங்கை?" என்றுதான் முதலில் கேட்டாள். மூன்று வருடம் காணாத புருஷன் முன்னால் நிற்கிறேன். அவனை எனக்கு முதல் அனுப்பிவிட்டேனே, இன்னும் வரவில்லையா என்று என் வாய் தானாகச் சொன்னது. அந்த இடத்திலேயே அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். தன் இடத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்த மனிதர் என்று இருபத்தொரு வருடம் எங்கள் டோர்செட் பார்க் வட்டாரம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். கோயிலில் எனக்கு இடம் விட்டு எழும்புவார்கள். அந்த மரியாதை ஒரு குடும்பத்தை எவ்வளவு நன்றாக நடத்தும் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு நாள் சண்டை கேட்டிருக்கிறாயா?

ஏஜென்சிக்காரனுக்கு ஒரு தரம் அழைத்துப் பார்த்தேன். மணி அடித்தது. பிறகு அவன் பிடிபட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். வதனாவுக்கு அந்த ஊரின் பெயர் மறக்கவில்லை. தம்பி கடைசியாகப் பேசியது அங்கிருந்துதான். போக வேண்டும், போக வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் கேட்டாள். நான் மூட்டுவலி, விசா, விலைவாசி என்று தட்டிக்கழித்தேன். 2019இல் அவள் தன் சிநேகிதி ஜெயமலரோடு போகப்போவதாகச் சொன்னபோதுதான், நான் கூட்டிக்கொண்டு போவது நல்லது என்று பட்டது. ஆட்களுக்குச் சும்மா ஒரு ரூர், சுற்றுலா, என்று சொன்னோம். இரண்டு நாள் பயணத்துக்கு அவள் மிக்ஸர், இடிச்ச சம்பல், குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் கட்டினாள். ரஷ்யாவில் சாப்பாடே இல்லையா என்று பகிடி பண்ணினேன். சூட்கேஸின் அடியில் உன் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது.

முதல் நாள் முழுக்க அந்தப் படத்தைக் கண்டவர்களுக்கெல்லாம் காட்டினாள். கோட்டை வாசலில், தேவாலயத்தில், தேநீர்க் கடையில். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டி மறுத்தார்கள். நான் கோட்டைச் சுவரைப் பற்றி வாசித்ததை அவளுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். உண்மையாகவே அழகான ஊர். எனக்கு மனம் லேசாகிவிட்டது.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்குப் படகுத்துறைக்குப் போனோம். பயணிகள் ஏறுவதற்கு ஒரு பலகை போட்டிருந்தார்கள். பலகையின் ஓரத்தில் ஒருவர் நின்று ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றினார். அவர் முகங்களைப் பார்க்கவில்லை, வழுக்காமல் கால் வைக்கிறார்களா என்று கால்களைத்தான் பார்த்தார். வதனா தலைக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக் கீழே பார்த்துக்கொண்டு பலகையில் கால் வைத்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அவள் அன்று காலை படித்த ரஷ்ய நன்றியைச் சொன்னாள். அவர் தலையசைத்தார். அந்தக் கை அவளுடைய தம்பியின் கை.

கௌசி, உன் கேள்விக்குப் பதில் அதுதான். படத்தில் நிற்பவர் உன் அப்பா.

எனக்குப் பயம் வந்தது. அவனுக்கு என்ன நடந்தது என்ற பயம் அல்ல. அவள் திரும்பிப் பார்த்தால் எனக்கு என்ன நடக்கும் என்ற பயம். தலைச்சுற்று, நான் கரையில் இருக்கிறேன், நீ போய் வா என்று அவளிடம் சொன்னேன். ஒரு மணித்தியாலப் பயணம். படகு விலகும்போது அவள் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். கரையில் நின்ற என்னைத்தான் எடுத்தாள்.

அப்போதுதான் மூர்த்தி என் முகத்தைப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான்.

"அத்தான்தானே நீங்கள்" என்றான்.

நான் ஓம் என்றேன். துறையில் உட்கார ஒரு மரவாங்கு இருந்தது. இருந்தோம். தன் போத்தலிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தான். தமிழ் பேசிப் பல வருடமாகியிருக்க வேண்டும், சொல்லைத் தேடித் தேடிப் பேசினான். சிறையில் இருந்ததும், பிறகு விறகு வெட்டியதும், இப்போது இந்தத் துறையிலேயே ஓர் அறையில் தங்கியிருப்பதும் சொன்னான். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் திரும்பி வந்ததாம். அந்த நேரம் உன் அம்மா எந்த மரத்தடியில் இருந்தாள் என்று யாருக்குத் தெரியும்.

"அண்டைக்கு அவன் கூப்பிட்டது என்ரை பேரைத்தானே?"

"ஓம்."

"நான் நித்திரை எண்டு நினைச்சியள். முழிப்பாத்தான் கிடந்தனான், எழும்பேலாமல் கிடந்தது. நீங்கள் போய் அக்காவிட்டைச் சொல்லி ஆளை அனுப்புவியள் எண்டு பார்த்துக்கொண்டு கிடந்தனான்."

கோபம் இல்லாமல்தான் சொன்னான். ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு குணவதி எங்கே என்று கேட்டான்.

நீ அமைதியாக யோசிக்க வேண்டிய இடம் இது. நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? இன்னும் நாற்பது நிமிடத்தில் படகு வரும். வதனாவுக்கு அறுபது வயது, பிரஷர். புருஷன் என்று நம்பிய ஆள் ஒரே நிமிடத்தில் வேறு ஆளாகிவிடுவான். உன் அம்மா இருபத்தொரு வருடமாகத் தாலியோடும் பொட்டோடும் காத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு கிழட்டுப் படகுத்துறைக்காரனைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? யாருக்கு என்ன லாபம்? எல்லோருக்கும் ஒரு முடிவு தேவைப்பட்டது. அதைக் கொடுக்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

குணவதியும் பிள்ளையும் 98இலேயே போய்விட்டார்கள், இடப்பெயர்வில், பிள்ளைப்பேற்றோடு, என்று சொன்னேன். அவன் கயிற்றை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு அக்கா எப்படி என்று கேட்டான். இரண்டு பேரைச் சொன்ன பிறகு மூன்றாவது ஆளைச் சொல்வது அவ்வளவு சிரமமாக இருக்கவில்லை. புற்றுநோய் என்றேன்.

ஆற்றில் படகு வளைந்து எங்கள் பக்கமாக ஒரு சுற்று வந்தது. வதனா மேல்தட்டில் நின்று கை காட்டினாள். நான் காட்டினேன். மூர்த்தியும் மரியாதைக்குக் கை காட்டினான். ஆரது என்று கேட்டான். எங்கட ரூரில வாற ஒரு மனுசி என்றேன்.

சற்று நேரத்தில் அவன் எழுந்து, கயிற்றை இன்னொரு வேலையாளிடம் கொடுத்துவிட்டு, ஆற்றோரமாக நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. படகு வந்து சேர்ந்தபோது அந்த இன்னொருவர்தான் வதனாவை இறக்கிவிட்டார்.

மிச்சம் உனக்குத் தெரியும். துறையில் ஒரு கிழவர் சொன்னார், 98இல் பனி உருகியபோது எல்லைப்பக்கக் காட்டில் ஒரு வெளிநாட்டுக்காரரின் உடல் கிடைத்ததாம் என்று வதனாவிடம் சொன்னேன். அன்று பின்னேரம் நகரத்து மயானத்தின் மூலையில் பெயரில்லாத ஒரு மேட்டைக் காட்டினேன். அவள் அதன்மேல் திருநீறு போட்டு, மிக்ஸர் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, மண்ணில் படுத்து அழுதாள். ஹொட்டலுக்கு வந்ததும் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தாள். உன் அம்மா பொட்டை அழித்தது அன்றைக்குத்தான். அடுத்த மாதம் உன் அப்பாவுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்தோம், ஸ்காபரோவில் எண்பது பேருக்குச் சாப்பாடு. பிண்டம் வைத்தது நான். நான் செய்த காரியங்களில் குறை சொல்ல முடியாத ஒன்று அது, ஐயரே சொன்னார்.

அதற்குப் பிறகு வதனா நிம்மதியாக நித்திரை கொண்டாள். இப்போது அவள் இல்லாதபடியால்தான் இதை எழுதுகிறேன். நீ உன் அம்மாவுக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். அங்கே போக நினைத்தால் இப்போது லேசில்லை, யுத்தகாலம், விசாவுக்கும் இழுத்தடிப்பார்கள். துறையில் கேட்டால் தெரியும். அவன் இன்னும் இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவில்லை.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். ரிப்போர்ட் என்றால் எல்லாம் இருக்க வேண்டும். கயிற்றைக் கொடுக்க எழுந்தபோது மூர்த்தி கடைசியாக ஒன்று கேட்டான்.

"என்ன பிள்ளை, அத்தான்? என்ன பேர் வைச்சது?"

நீ பெண் என்று அவனுக்குத் தெரியாது. உன் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் பெயர் தெரிந்தால் மனிதன் அதைச் சொல்லிச் சொல்லியே அழுவான், அது வயதானவனுக்குக் கூடாது. பிறந்து முப்பத்தொன்றாம் நாளுக்கு முதலே போய்விட்டது, பேர் வைக்கவில்லை என்று சொன்னேன். அந்த ஒரு கஷ்டத்தையாவது நான் உன் அப்பாவுக்குக் கொடுக்கவில்லை.