பூட்டிய வீட்டில் ஓடிய கூலர்

இந்தக் கோடைக்கால ஆயத்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும், நம் தோப்போரக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவி திலகவதி அம்மையார் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் விசிறியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் பின்னால் நிற்கும் தோழர்களே! அனைவருக்கும் ராஜ்மோகனின் பணிவான வணக்கம்.

நெருப்புக்குத் தீனி தோண்டியே நெய்வேலியில் வாழ்கிறோம் நாம். நெருப்பு நமக்குப் புதிதா? புதிதல்ல. ஆனால் கொதிகலனுக்குள் எரியும் நெருப்பு சொன்ன பேச்சைக் கேட்கும். முந்திரித் தோப்பில் பிடித்த நெருப்பு யார் பேச்சைக் கேட்கும்? காய்ந்த சருகு கேட்குமா? கத்திரி வெயில் கேட்குமா? காற்றாவது கேட்குமா?

போன கோடையில் அது கேட்கவில்லை. நண்பகலில் தோப்பின் மேற்கே புகை கிளம்பியது. நம்மிடம் திட்டம் இருந்தது. கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு, தெருமுனையில் வேன், பள்ளி மைதானத்தில் எல்லோரும் கூட வேண்டும், தெருவுக்கு ஒரு தொண்டர். நல்ல திட்டம். இன்றும் சொல்கிறேன், நல்ல திட்டம்தான்! நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கினார்கள். கன்றுகளைக்கூட அவிழ்த்துவிட்டார்கள்.

ஆனால் விழித்திருப்பவர்களுக்காகப் போட்ட திட்டம் அது. நம் ஊரில் பகலென்றால் எல்லோரும் விழித்திருப்பார்களா? நைட் ஷிப்ட் பார்த்தவன் எங்கே இருப்பான்?

என் மனைவி சந்திரா பண்ருட்டியில் முந்திரிக் கம்பெனிக்குப் போகிறவர். காலையில் நான் படுத்ததும் வெளியே பூட்டுப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். என்ன சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டில் பூட்டுவதில்லையா? கேஸ்காரர் பெல் அடிப்பார், கூரியர் கதவைத் தட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்தைத் தேடி வரும். பூட்டைப் பார்த்தால் எல்லோரும் திரும்பிப் போவார்கள். நம் காலனியின் வழக்கமே இதுதானே!

அன்று தீயும் வந்தது. பூட்டைப் பார்த்து அது திரும்பிப் போகுமா? போகாது. திரும்பிப் போனவர் நம் தொண்டர் அன்புமணி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

உள்ளே நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு செத்தவன் மாதிரி தூங்குகிறேன். ஒலிபெருக்கி கேட்கவில்லை. ஜன்னலில் கூலர் ஓடுகிறது. வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளுவதுதானே அதன் வேலை? அன்று புகையை இழுத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுப் பொற்கொடி வேனில் ஒரு காலை வைத்தவர், திரும்பிப் பார்த்து அன்புமணியிடம் கேட்டிருக்கிறார்.

"தம்பி, அந்த வூட்ல யாரும் இல்லியா?"

"பூட்டியிருக்குக்கா. நீ ஏறுக்கா, நேரமாவுது!"

"பூட்டின வூட்ல கூலர் எதுக்குடா ஓடிக்கினு இருக்குது? தண்ணி சொட்டிக்கினு இருக்குது பாரு!"

இறங்கிவிட்டார். ஓடிப்போய் வாசலில் கிடந்த குழவியை எடுத்துப் பூட்டில் போட்டார். அன்புமணி கதவை உதைத்தார். இருமக்கூட முடியாமல் கிடந்த என்னை இருவரும் இழுத்துப் போட்டார்கள். வேன் கிளம்பும்போது எங்கள் கொல்லைக் கீற்றுக் கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. அன்று மின்சாரம் நின்றிருந்தால், கூலரும் நின்றிருக்கும். நானும் நின்றிருப்பேன், போட்டோவில்!

அன்றிலிருந்து சந்திரா பூட்டுவதில்லை. பெல்லும் தட்டலுமாக நானும் சரியாகத் தூங்குவதில்லை.

என்னங்கம்மா? "பூட்டாமலே போனா என்ன?" என்கிறீர்களா? பகலில் தூங்காதவன் ராத்திரி எங்கே தூங்குவான்? சுரங்கத்தில், ஓடுகிற எந்திரத்தின் மேல் தூங்குவான்! போன வாரம் எனக்கே கண் சொக்கிவிட்டது. பயந்துவிட்டேன். தீக்குத் தப்பியவன் தூக்கத்துக்குப் பலியாவதா?

ஆகவே பூட்டுங்கள். ஆனால் பூட்டின்மேல், உள்ளே தூங்குபவருடைய சுரங்க ஹெல்மெட்டை மாட்டுங்கள்! ஹெல்மெட் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார். அவர் வேலைக்குப் போகும்போது அதுவும் தலையில் ஏறிப் போய்விடும். தனியாக நினைவு வைத்து எடுக்க வேண்டிய வேலையே இல்லை. மாற்றுச்சாவி எதிர்வீட்டில் இருக்கட்டும். தொண்டர் பூட்டைப் பார்க்கக் கூடாது, ஹெல்மெட்டைப் பார்க்க வேண்டும். "யாராச்சும் ஹெல்மெட்டத் திருடிக்கினு பூட்டா இன்னா பண்றது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். போகட்டும் ஐயா, திருடன் தலையாவது பிழைக்கட்டும்!

காற்றைத் தடுக்க நம்மால் ஆகாது. கத்திரியைத் தடுக்க நம்மால் ஆகாது. ஒரு ஹெல்மெட்டை மாட்ட ஆகாதா? ஆகாதா, தாய்மார்களே? கை தூக்குங்கள், பார்க்கிறேன்!

சந்திரா, நீயும் தூக்கிவிட்டாயா? சந்தோஷம்.

இன்று எனக்கு நைட் ஷிப்ட். நாளை காலை சந்திரா பூட்டுவார். எதிர்வீட்டு ஆணியில் சாவி இருக்கும். என் வாசலில் ஹெல்மெட் தொங்கும். நான் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன், உங்களை நம்பி.

விழித்திருந்து கேட்ட உங்களுக்கு, இந்த நேரத்திலும் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும் அத்தனை பேர் சார்பிலும் நன்றி, வணக்கம்!