மாமிக்கு ஒரு கிளாஸ் நல்ல தண்ணீர்

"அம்மா இனியாவது நல்ல தண்ணி குடிப்பா, என்னப்பா?" என்றாள் கமலாசனி.

"ஓம். இங்க எங்கட அம்பிட்டியவில பைப்பைத் திறந்தால் இனிப்புத் தண்ணிதானே."

"அப்ப உங்கட மெசின் ஆருக்கு?"

அவளுடைய அம்மா, என் மாமி, எங்களிடம் வந்த அன்று என் மனைவி அதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், டொக்டர். அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை.

நான் இரசாயனம் படிப்பிக்கிறவன். யாழ்ப்பாணத்தில் மாமியின் கிணறு உவர்க் கிணறு. அவருக்காகத்தான் அந்த மெசினைத் தொடங்கினேன். எதிரெதிரே இரண்டு கரித்தகடுகள். கார் பற்றரியால் மின் கொடுத்தால், நடுவே ஓடும் தண்ணீரின் உப்பு கரியில் ஒட்டிக்கொள்ளும். கரி சீக்கிரம் நிரம்பிவிடுவதுதான் தொல்லை. கலகெதரவில் தேங்காய்ச் சிரட்டைக்கரி வாங்கி, நீராவியில் சுட்டு, அதன் நுண்துளைகளைப் பெருக்கினேன். சண்டை நடந்த வருடங்கள் எனக்கு அப்படித்தான் கழிந்தன. தகடு ஒருவாறு தேறியபோது யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. மாமி ஒரு உரப்பையுடன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மாமி ஆசாரம் பார்ப்பவர். குடிக்கத் தனிக் குடம். அதில் ஒரு கரண்டி உப்புப் போட்டேன். தீங்கு நினைத்தல்ல. தண்ணீர் உவர்க்கிறது என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், மெசினைக் கொண்டுபோய் முன்னால் வைத்துவிடுவேன்.

அவர் சொல்லவில்லை. மருமகனோடு அவர் நேரே பேசுவதில்லை. நான் வீட்டில் இருந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பார். அப்படிப்பட்டவர் மருமகன் வீட்டுத் தண்ணீரைக் குறை சொல்வாரா? "இந்த ஊர்த் தண்ணி நல்ல ருசி, பிள்ளை" என்று எனக்குக் கேட்கும்படி மகளிடம் சொன்னார். ஒரு கரண்டி போதவில்லை என்று விளங்கியது. கூட்டினேன். மாமி ருசியைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். நானும் கூட்டிக்கொண்டே போனேன்.

கால் வீங்கியது. பிரஷர் ஏறியது. சமையலில் உப்பை நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்தினோம், நானும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டேன். அங்கே குறைந்ததைக் குடத்தில் ஈடுசெய்தேன். பரிசோதனையின் நடுவில் அளவு மாறக்கூடாதல்லவா?

"சட்டிக்குள்ள ஒரு கல் உப்பில்லை. அம்மாவின்ர உடம்புக்குள்ள எங்கையிருந்து வருது?" என்று கமலாசனி அழுதாள். நான்தான் அவளைத் தேற்றினேன். அந்த வீட்டில் நிதானமாக இருந்தது நான் ஒருவன்தான்.

இன்று காலை மெசினில் வடித்த தண்ணீரை இந்த வார்டுக்குக் கொண்டுவந்தேன். மாமி கிளாஸை வாங்கினார். குடிக்காமல் மேசையில் வைத்தார். பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். ஒருவழியாகக் கேட்கப்போகிறார் என்று கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"தம்பி, கனநாளாக் கேக்க நினைச்சனான். என்னை ஊருக்கே அனுப்பிவிடுங்கோ. ஷெல் விழுந்தாலும் பரவாயில்லை. எங்கட கிணத்தில இவ்வளவு உப்பில்லை."