கேடயக்காரன் நின்ற கட்டம்

எனக்கு விளையாட்டுகளில் பெரிய ஆர்வம் கிடையாது, ஐயா. சீட்டுக்கட்டைக்கூட ஒழுங்காகக் கலைக்கத் தெரியாது. நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் அந்தக் கையடக்க வீடியோ கேம் கருவி என் தம்பியுடையது. பழைய சாமான் கடையில் கேட்பாரற்றுக் கிடந்ததாம், உள்ளே ஒரே ஒரு ஆட்டத்தோடு. இணையத்தில் தேடிப் பார்த்தான். அதைப் பற்றி உருப்படியாக எழுதியவர் யாருமில்லை. "நல்ல ஆட்டம்ணா, யார் கண்ணுலயும் படாம போயிடுச்சு" என்றான். எனக்கு உடனே அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. நான் மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். மருந்தைப் பார்ப்பார்கள், பில்லைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

தம்பிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. முப்பதைத் தாண்டியவன். ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைத்துக் கொடுத்தவனுக்கு வாய்த்தது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அப்பா அம்மா போனபிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். விழுவதற்குக் கொஞ்சம் முன்புதான், தனி வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னான். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், கல்யாணம், எல்லாம் பேசி முடித்துவிட்டான். எனக்குத் துணையாக ஒரு பூனை வளர்த்துக்கொள்ளச் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மாவுக்கட்டோடு அவன் கிடந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். ஊட்டினேன், துடைத்துவிட்டேன், தலை வாரினேன். "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்ணா" என்பான். கடையில் நின்றபடி அதை நினைத்துக்கொள்வேன். பொழுது போவதற்கு ஆட்டத்தையும் அவனே சொல்லிக் கொடுத்தான். அவனுக்கு ஒரு ஆட்டம், எனக்குத் தனியாக ஒன்று என்று சேமித்து வைத்துக்கொண்டோம்.

கட்டம் கட்டமாக ஒரு களம். நம் ஆட்களை நாம் நகர்த்தியபின் எதிரி நகர்த்துவான். செத்தவன் திரும்ப வரமாட்டான். என் படையில் ஒரு வைத்தியக்காரி இருந்தாள். அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. அடிபட்டவனைக் குணப்படுத்தினால்தான் அவளுக்குப் புள்ளி ஏறும். எல்லோரும் நலமாக இருந்தால் மூலையில் சும்மா நிற்பாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கேடயக்காரன் ஒருவனை, உடைந்த வாள் வைத்திருக்கும் ஒரு சோப்ளாங்கி எதிரிக்கு முன்னால் நிறுத்தினேன். அவன் அடிப்பான், லேசாகத்தான் படும். இவள் குணப்படுத்துவாள். மறுபடி அடிப்பான். மறுபடி குணப்படுத்துவாள். யாரும் சாகவில்லை, அவள் மட்டும் வளர்ந்துகொண்டே போனாள். இதில் தப்பு என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கட்டுப் பிரித்ததும் தம்பி சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தான். அன்று குளியலறையைக் கழுவியவன் சோப்புத் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டேன். விழுந்தான். பெரிதாக ஒன்றுமில்லை, முட்டி வீங்கியது. இரவெல்லாம் ஒத்தடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு பாலில் மாத்திரை. எது எவ்வளவு தாங்கும் என்பது எனக்குத் தெரியும். காலில் தெம்பு ஏறாது, தலை கனக்கும், அவ்வளவுதான். அவன் உயிருக்கு ஆபத்து வர நான் விட்டதே இல்லை.

காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரை, வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்று சொல்லி நிறுத்தினேன். அந்தப் பெண் இரண்டு தடவை படியேறி வந்தாள். "அவனுக்கு உன்னப் பாக்கப் பிடிக்கலம்மா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். தம்பியிடம், அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றேன். அன்றைக்கு என் மடியில் தலை வைத்து அழுதான். நானும் அழுதேன், ஐயா, நடிப்பில்லை. மூன்று மாதம் என்று டாக்டர் சொன்னது பதினோரு மாதமாகியும், வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டுதான் போனேன். ஜன்னல் சந்துப் பக்கம், பேச்சுக் கொடுக்க ஆளில்லை. ஏணியிலிருந்து விழுந்தபோது உடைந்த அவன் செல்போனை நான் சரிசெய்து கொடுக்கவே இல்லை.

ஒரு ஞாயிறு நான் துணி துவைத்துவிட்டு வந்தபோது, அவன் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு என் ஆட்டத்தைத் திறந்து வைத்திருந்தான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வைத்தியக்காரி உச்சத்துக்கு வந்துட்டாளே. இதுக்கு மேல அவளுக்கு ஏறாது. இன்னும் ஏன் இவன அங்கயே நிறுத்தி வெச்சிருக்க?"

"பழகிடுச்சுடா."

"கோட்டை வாசல் பக்கத்துக் கட்டத்துலதான இருக்கு. இவன் வெளியே போயிடலாமே."

"அவன் போயிட்டா ஆட்டம் முடிஞ்சிடும்டா" என்றேன்.

அவன் நான் நீட்டிய பால் டம்ளரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டான்.

அந்த வாரம் படுக்கையில் ஒரு புளித்த வாடை. உடம்பு வாடை என்று நினைத்துக் கூடுதலாக ஒரு தடவை துடைத்துவிட்டேன். பாலை மெத்தைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லிஃப்ட் கதவையே கழற்றி மாட்டுகிறவனுக்கு வீட்டுக் கதவு எம்மாத்திரம். பூட்டு பூட்டியபடி இருக்க, கீல் பக்கமாகக் கழற்றிவிட்டு, மூன்று மாடியும் உட்கார்ந்தபடியே இறங்கியிருக்கிறான். படி ஒவ்வொன்றும் எப்படி வலித்திருக்கும். நான் இருந்திருந்தால் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறாய் என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் விட்டது நான், மாத்திரை கலந்தது நான், பூட்டியது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தொட்டில் ஆட்டிய கை எப்படி வலித்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று காலை அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில், அந்தப் பெண் பக்கத்தில் வர, எதையும் பிடிக்காமல் நடந்தான் என்றீர்கள். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. பதினோரு மாதம் நான் பார்த்த வைத்தியம் வீண்போகவில்லை, ஐயா.