அதே அறுபத்திரெண்டு

ரயில் திருமுல்லைவாயிலைத் தாண்டியதும், மடியில் கணக்கெடுப்புப் படிவங்களோடு எதிரே உட்கார்ந்திருந்த பெண், ஜன்னலைப் பார்த்தபடி, தூக்கத்தில் பேசுவதுபோல் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

"கோவில்பதாகையில ஒருத்தருக்கு மட்டும் வயசே ஏறலக்கா."

"எப்பிடிடி?"

"வருஷா வருஷம் அதே வீடுங்களுக்குப் போயி யாரு பொறந்தாங்க, யாரு போனாங்கன்னு கேக்கறோம்ல? போன வருஷம் எழுதுன பேரையும் வயசையும் படிச்சு, வீட்டுக்காரர் இருக்காரான்னு கேட்டேன். 'இருக்காரு, அதே அறுபத்திரெண்டு'ன்னாங்க அந்தம்மா. அப்புறந்தான், 'தை மாசம் தவறிட்டாரு'ன்னாங்க."

"அய்யோ. நீ என்ன எழுதுன?"

ரயில் ஆவடிக்குள் மெதுவாக நுழைந்துகொண்டிருந்தது.

"அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டேன்க்கா. அவங்க வயசைக் கேட்டேன். 'எனக்கும் இப்போ அறுபத்திரெண்டு ஆயிடுச்சு. அடுத்த வருஷம் வா, நான் அவருக்கு அக்காவா இருப்பேன்'னாங்க."