ஒரு தெருவுக்கு ஒரு கால்

எங்கள் வீட்டில் விளக்கெண்ணெய் எப்போதும் இருக்கும், ஏட்டையா. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு. யாரையும் விழத்தட்டுவதற்கென்று நான் அதை வாங்கி வைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கருத்தப்பாண்டி எனக்குக் கொழுந்தன் முறை. ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேம்பில் ஏறி, விழுந்து, வலது காலை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து நர்சு தங்கப்பழம் செவ்வாய்தோறும் வீட்டுக்கே வந்து கட்டுப் பார்த்தார்.

அவன் காலோடு நர்சம்மா நிறுத்தமாட்டார். அந்த வீட்டு நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிட்டால் தெருவே வாசலில் நிற்கும். காதில் சீழ், கண்ணில் கட்டி, எல்லாம் பார்ப்பார். கடைசியாக என் மகள் ஆறுமுகத்தாயின் வீங்கிய காலை அழுத்திப் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்வார். அவளுடைய தலைப்பிள்ளை போன வருஷம் அவள் புருஷன் ஊரான குருவிகுளத்திலிருந்து பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில் மாட்டு வண்டியிலேயே போய்விட்டது. இப்போதும் வண்டிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திவிடுவேன்.

"இவன் எந்திச்சிட்டா எங்க வீட்டுக்கு வருவீகளாம்மா?" என்று கேட்டேன்.

"நடக்க முடியாம வீட்டோட கெடக்கவுகளுக்குத்தான் வருவேன், மாடத்தி. ஒம் மக நடக்கால்லா."

"எங்க வீட்டுக்காரரு வீட்டோடதான் கெடக்காரு."

நர்சம்மா எங்கள் வீட்டுத் திண்ணையை எட்டிப் பார்த்தார். என் புருஷன் பிச்சையா மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

"சோம்பலுக்கெல்லாம் வர முடியாது," என்றுவிட்டார் நர்சம்மா.

சட்டம் எனக்குப் புரிந்தது. அவர் வருவது கருத்தப்பாண்டி ஒருவனுக்காக. நன்மை தெரு முழுவதற்கும். அவன் எழுந்து நடந்துவிட்டால் எல்லாம் போச்சு.

ஆடித் தபசுத் திருவிழா வந்தது. சாமி பார்க்க அவனைத் தூக்கிக்கொண்டு போனால் தப்பில்லை, அதற்காக வருவதை நிறுத்தமாட்டேன் என்று நர்சம்மாவே சொல்லியிருந்தார். தூக்குவதற்கு ஆள்கூட ஏற்பாடு செய்தேன். அவன் கேட்கவில்லை.

"கோமதி அம்பாளே ஒத்தக் கால்ல தவசு நின்னா. எனக்கு ஒண்ணரைக் கால் இருக்கு, மைனி. நடந்தே போறேன்."

நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் பெண்டாட்டி வள்ளித்தாய் முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். வேறு யாரும் விழுந்துவிடக்கூடாது என்று பார்த்துத்தான் செய்தேன். அவன் வேட்டி மாற்றுகிற நேரத்தில் வாசற்படியில் எண்ணெயைத் தடவினேன். அதிகம் இல்லை, ஒரு காலுக்கு வேண்டியதுதான். இடது கால் ஒடிந்த சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேட்டது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியதும் நான்தான். ஆறி வந்த காலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கு ஆறுதல்.

நர்சம்மா தொடர்ந்து வந்தார். ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கருத்தப்பாண்டி வீட்டுப் பின்கட்டிலேயே ஆறுமுகத்தாய்க்குப் பெண் பிறந்தது. குழந்தை அழுததும் நானும் அழுதுவிட்டேன். கருத்தப்பாண்டி கட்டிலில் கிடந்தபடி எல்லாருக்கும் கருப்பட்டி கொடுக்கச் சொன்னான். தங்கமான மனுஷன். படியில் எண்ணெய் இருந்ததை உங்களிடம் வந்து சொன்னது வள்ளித்தாய்தான்.

ஒரு தெருவுக்கு ஒரு கால். இதில் என் சுயநலம் எதுவும் கிடையாது.

"அப்போ ஒம் புருசன் கால ஒடிச்சிருக்கலாம்லா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நானும் யோசிக்காமல் இல்லை. எங்கள் வீட்டில் நர்சம்மா உட்கார நாற்காலி இல்லையே, ஏட்டையா.