வாயில் அடித்த கரண்ட்

"என்ட வாயில கரண்ட் அடிக்குது ராத்தா."

மருதமுனையில் பஸ் ஏறி எனக்கு முன் இருக்கையில் அமர்ந்த சகோதரிகளில் இளையவள் இப்படிச் சொன்னதும், மூத்தவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"சொக்லட்ட வெள்ளித்தாளோட கடிச்சிட்டன். தங்கப் பல்லுல பட்டதும் சுள்ளெண்டு இழுத்திச்சு. ரெண்டு உலோகமும் எச்சிலும் சேர்ந்தா பெட்டரிதானாம், மகள் சொல்றாள். தாள்ல இருந்து இலத்திரன் எண்ட மின்துகள் பல்லுக்கு ஓடுமாம்."

"அப்ப பல்லு கரையுமா?"

"இல்ல, தாள்தான் கரையும். தங்கத்துக்கு ஒண்டும் ஆகாதாம்."

"பிறகேன் புள்ள கல்முனைக்குப் பல்லக் கழட்டப் போறாய்?"

"என்ட மனிசன் பயப்படுறார். கரண்ட் இருக்கிற வாயோட இனிச் சண்டைக்கு வரமாட்டாராம்."

ராத்தா கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுந்து மணியை அடித்தாள்.

"இறங்கு புள்ள. வீட்ட போவம்."